அரசாங்கம் நட்ட புடலம்பந்தல்

ஒரு கன்ரோனின் அரசாங்கத்தை நான் புடலங்காயால் அடித்து விழுத்தியிருக்கிறேன்.

சரி, கொஞ்சம் கூடிப்போய்விட்டது. என்னைத் தெரிந்தவர்கள் நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நம்புவார்கள். அதனால் இரண்டு மடங்காகச் சொல்லிப் பழகிவிட்டேன். அரசாங்கம் விழவில்லை, ஒரு சட்டம்தான் மாறியது. மாற்றியது நானுமல்ல, இராஜசிங்கம். புடலங்காய் மட்டும் உண்மை. ஆறடி நீளம்.

எந்தக் கன்ரோன், அதாவது எந்த மாநிலம், என்று கேட்காதீர்கள். ஏரியும் மலையும் பசுவும் உள்ள இடம் என்று சொன்னால் சுவிற்சர்லாந்தில் அது ஓர் அடையாளமும் ஆகாது. எனவே அப்படியே சொல்லி வைக்கிறேன்.

இராஜசிங்கம் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குக்காரர். தொண்ணூறாம் ஆண்டு அவர்களுடைய வீடும் பதினொரு பரப்புக் காணியும் ஆமியின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. அடுத்த ஆண்டு இங்கே வந்து, இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ்ச் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கினார். பிறகு உருளைக்கிழங்கு சீவினார், பிறகு சூப் வைத்தார், இப்போது எங்கள் ஊர்ப் பெரிய ஹோட்டலில் அவர் ருசி பார்க்காமல் ஒரு சட்டியும் மேலே போகாது. பதினைந்து வருடங்களுக்கு முன்பு ஊர் எல்லையில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். முன்பு ரயில் கடவை காப்பாளர் இருந்த வீடு. கீழே இரண்டு அறை, மேலே ஒன்று, பின்னால் சரிவாக இரண்டரைப் பரப்பு. சதுர மீற்றரில் எவ்வளவு என்று கேட்டால் மனைவி யோகாம்பாளைக் கூப்பிடுவார். பரப்புக் கணக்கு மட்டும்தான் அவருக்கு வரும்.

சுவிஸ் குடியுரிமையும் எடுத்திருந்தார். ஆனால் வாக்குப் போட்டதில்லை. வருடத்துக்கு நான்கு தடவை தபாலில் வரும் பெரிய சாம்பல் நிற உறைகளை உடைக்காமலே பழைய பேப்பரோடு அடுக்கி, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, குறித்த நாளில் தெருவோரம் வைப்பார். எங்கள் வீதியிலேயே மிக அழகான பேப்பர்க் கட்டு அவருடையதுதான்.

“தம்பி, அதுக்குள்ள உம்முடைய உரிமை இருக்குது” என்று ஒருநாள் சொன்னேன். நான் ஊரில் புவியியல் படிப்பித்தவள். மற்றவர் காரியத்தில் மூக்கை நுழைப்பது எனக்குச் சொந்தப் பொழுதுபோக்கு.

“உது அவையின்ர அலுவல் ரீச்சர். எங்களுக்கு ஏன்?” என்றார்.

அந்த வருடம் ஏப்ரல் மாதம் சமையலறை ஜன்னலோரம் யோகட் கிண்ணங்களில் புடலங்கன்று முளைக்க வைத்திருந்தார். பந்தலுக்குத் தடி வேண்டும். எதிர்வீட்டு வ்ரேனியிடம், நீளமான தடி எங்கே வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். வ்ரேனி நாற்பது வருடம் இந்தப் பள்ளத்தாக்கில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். பார்த்துச் சொல்கிறேன் என்றுவிட்டு, தமக்கையிடம் தெற்கே போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து இராஜசிங்கம் மத்தியான இடைவேளைக்கு வீட்டுக்கு வந்தால், காணியில் எட்டுக் கம்பங்கள். பளபளக்கும் அலுமினியம். அரைப் பனை உயரம். உச்சியில் சின்னதாக ஒரு மரச்சட்டம், நாலாபக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டி நிறுத்தியிருந்தது. வீட்டுக்கு முன்னால் நான்கு, பின்னால் நான்கு.

இந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அது என்னவென்று தெரியும். ஒரு கட்டடம் கட்டப்போகிறார்கள் என்றால், அது எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று அயலவர் கண்ணால் பார்க்கும்படி முதலில் கம்பம் நட்டுக் காட்ட வேண்டும். விருப்பமில்லாதவர்கள் முப்பது நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். ஆனால் இராஜசிங்கம் இருட்டோடு போய் நிலத்துக்குக் கீழே வேலை செய்துவிட்டு இருட்டோடு வருகிற மனிதர். தெருவெங்கும் இப்படிக் கம்பங்களைக் கண்டு, முப்பது வருடமாக அவருக்குள் ஒரு பரிதாபம் இருந்ததாம்: இந்தச் சனம் இவ்வளவு பாடுபட்டுப் பந்தல்கால் நடுகிறது, கொடி வைக்க மட்டும் மறந்துவிடுகிறது.

“வ்ரேனி தங்கமான மனுசி. தடி கேட்டால் கம்பமே அனுப்பியிருக்கிறாள்” என்று யோகாம்பாளிடம் சொல்லிவிட்டு, கம்பத்துக்குக் கம்பம் நைலோன் கயிறு இழுத்து, அன்று பின்னேரமே எட்டுக் கன்றையும் நட்டுவிட்டார்.

இருபத்தாறாம் நாள் வ்ரேனி திரும்பி வந்தாள். படலையில் நின்று பந்தலைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கினாள், படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கம்பங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். எட்டாவதில் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் பேசியது மலைநாட்டு ஜெர்மன்; எங்கள் பேச்சில் சொன்னால்தான் அதன் சூடு தெரியும்.

“ராஜா, இது பந்தல் இல்லை. இது கட்டடம்.”

“எந்தக் கட்டடம்?”

“உன்ர வீட்டை இடிச்சுப்போட்டு வரப்போற கட்டடம். உனக்குக் கடிதம் வரேல்லையோ?”

இராஜசிங்கம் யோகாம்பாளைப் பார்த்தார். யோகாம்பாள் தெருவைப் பார்த்தார். அன்று பழைய பேப்பர் எடுக்கும் நாள். அழகான கட்டு தெருவோரம் இருந்தது, லொறி இரண்டு வீடு தள்ளி நின்றது. ஐம்பத்து நான்கு வயது மனிதர் வீட்டுச் செருப்போடு ஓடியதை நான் என் பல்கனியிலிருந்து பார்த்தேன். லொறிக்காரன் தூக்கிய கட்டை இவர் மறுபக்கம் பிடித்து இழுத்தார்.

கடிதம், உடைக்காத இன்னோர் உறையாக, அடியில் கிடந்தது. மலைக்குக் கேபிள் கார் ஓட்டும் கம்பனி ஒன்று ஐந்து மாடி வாகனத் தரிப்பிடம் கட்டப்போகிறது. இடம், இராஜசிங்கத்தின் காணி. கெமைண்டே, அதாவது எங்கள் ஊர்ச் சபை, இது பொதுநன்மைக்கானது என்று முடிவெடுத்திருக்கிறது. அவர் விற்க மறுத்தால் கன்ரோன் சட்டப்படி கட்டாயமாக எடுத்துக் கம்பனிக்குக் கொடுக்கலாம்.

அவர் வாசற்படியில் இருந்துவிட்டார்.

“ரீச்சர், போனமுறை ஆமி வந்து எடுத்தவன். இந்தமுறை தபாலிலேயே எடுக்கிறாங்கள்.”

நான் கடிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தேன். முப்பதில் நான்கு நாள் மிச்சம் இருந்தது.

அவர்களுடைய மகள் மிதுஷா சட்டம் படித்து, பேர்னில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அடுத்த ரயிலில் வந்து ஆட்சேபம் எழுதினாள். குளிர்காலத்தில் அதை நிராகரித்தார்கள். மேன்முறையீடு செய்தாள். “இழுக்கலாம், ஆனா இப்ப இருக்கிற சட்டத்தில வெல்ல ஏலாது ஆச்சி” என்று என்னிடம் தனியாகச் சொன்னாள்.

“அப்ப சட்டத்தை மாத்து” என்றேன்.

பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் இந்த நாட்டில் பகிடிக்கும் ஒரு படிவம் இருக்கிறது. மூவாயிரம் வாக்காளர்கள் ஒரு வருடத்துக்குள் கையெழுத்திட்டால், எந்தச் சட்டத் திருத்தத்தையும் கன்ரோன் முழுவதும் வாக்குக்கு விட்டாக வேண்டும். மிதுஷாவும் வ்ரேனியும் இன்னும் சிலரும் சேர்ந்து எழுதினார்கள்: பாடசாலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, தெருவுக்கு, தண்ணீர்க் குழாய்க்கு ஒருவருடைய நிலத்தை எடுக்கலாம்; தனியார் கம்பனியின் இலாபத்துக்காக எடுக்க முடியாது. கடைசியில் மிதுஷா ஒரு வரி சேர்த்தாள்: இன்னும் முடிவாகாத வழக்குகளுக்கும் இது செல்லும். அந்த ஒரு வரிக்குள்தான் அப்பாவின் வீடு இருந்தது.

“மூவாயிரம் என்ன மூவாயிரம், கோயில் தேருக்கு வாற சனமே காணும்” என்றேன் நான்.

தேர்த் திருவிழாவில், மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன். ஒரே நாளில் ஆயிரத்து நூற்று நாற்பது கையெழுத்து! காவடி எடுத்தவர் காவடியை ஒரு தோளுக்கு மாற்றிவிட்டு மறு கையால் வைத்தார். அன்று பின்னேரம் நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள் தேரே இரண்டாம் முறை வருகிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஆறு வாரத்தில் கையெழுத்துகளைச் சரிபார்த்த முடிவு வந்தது. செல்லுபடியானவை நாற்பத்து மூன்று.

சூக்கிலிருந்து, ஜெனீவாவிலிருந்து, எங்கடினிலிருந்து வந்தவர்களெல்லாம் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கன்ரோனில் வாக்கில்லை. பாதிப்பேருக்குக் குடியுரிமையே இல்லை. ஒரு தாளில் ஒரே ஊரில் பதிந்தவர்கள்தான் கையெழுத்திடலாமாம். என் தாள் ஒன்றில் பத்தொன்பது ஊர் இருந்தது. ஒரு நல்ல மனிதர் தனக்கும், மனைவிக்கும், நான்கு பிள்ளைகளுக்கும், வவுனியாவில் இருக்கும் மாமிக்கும் சேர்த்துத் தானே வைத்திருந்தார்.

“ரீச்சர், நீங்கள் அந்தத் தாளில பின்னால எழுதியிருக்கிறதை வாசிக்கேல்லையோ?” என்று யோகாம்பாள் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“எழுத்து சின்னது” என்றேன்.

நான்கு மாதம் வீணாகியிருந்தது. அன்றுதான் இராஜசிங்கம் எழுந்தார். “திங்கட்கிழமை எனக்கு லீவு. நானே வீடு வீடாப் போறன்” என்றார். முப்பது வருடத்தில் அவர் பேசிய ஜெர்மன் “சூடு, பின்னால வாறன், முடிஞ்சுது” என்ற மூன்றையும் தாண்டியதில்லை. வ்ரேனி தன் பழைய மஞ்சள் தபால் வண்டிலைக் கொட்டிலிலிருந்து இழுத்து வந்தாள். ஒரு பக்கம் தாள்கள், ஊருக்கு ஒன்றாகப் பிரித்து அடுக்கியவை. மறுபக்கம் யோகாம்பாள் சுட்ட மட்டன் றோல்ஸ். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் புருசனுக்கும் மனைவிக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் வ்ரேனிக்கு மனப்பாடம்.

மேல் பள்ளத்தாக்கில் ஒரு பால்பண்ணைக்காரர் கதவை அரைவாசிதான் திறந்தாராம். இதை வ்ரேனி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்த இடத்தில் நான் ஒன்றும் கூட்டவில்லை.

“ஹோட்டல் தமிழன்தானே நீ? உனக்கென்ன காணிப் பிரச்சினை?” என்றிருக்கிறார்.

இராஜசிங்கம் உடைந்த ஜெர்மனில் சொன்னாராம்: “எனக்கு முதலும் ஒரு வீடு இருந்தது. அதை எடுக்கேக்க ஒருத்தரும் கம்பம் நடேல்லை. முப்பது நாள் தரேல்லை. வேண்டாமெண்டு எழுத ஒரு விலாசம்கூட இல்லை. இஞ்சை கம்பம் நட்டுக் கேக்கினம். கேட்டால் பதில் சொல்ல வேணும்தானே? அதுதான் வந்தனான்.”

பண்ணைக்காரர் கையெழுத்திட்டார். இரண்டு றோல்ஸ் தின்றார். பிறகு ரெலிபோனை எடுத்து, மலைச்சரிவில் இருந்த தன் மூன்று சகோதரர்களையும் கூப்பிட்டார். அதில் இருவர் எட்டு வருடமாக ஒருவரோடொருவர் பேசாதவர்கள். அன்று ஒரே தாளில் அடுத்தடுத்த வரியில் கையெழுத்து.

இதற்கிடையில் வழக்கு முடியும்வரை கம்பங்களை எவரும் பிடுங்கக்கூடாது என்பதால், இரண்டாம் கோடையிலும் இராஜசிங்கம் கொடி வைத்தார். காய் சுருளாமல் நேராக வளர, எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு காயின் நுனியிலும் நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். உத்தியோகபூர்வக் கம்பத்தில் காய்கறி வளர்ப்பது தகாது, உடனே அகற்றவும் என்று கெமைண்டே எழுதியது. மிதுஷா பதில் எழுதினாள்: கம்பங்கள் இருப்பது எங்கள் காணியில், அவை உத்தியோகபூர்வமானவை என்று கொடிக்குத் தெரியாது.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரி படமெடுக்க வந்தாள். வரப்போகும் ஐந்து மாடிக் கட்டடத்தின் மூலைகளில் கல்லுக் கட்டிய புடலங்காய்கள் காற்றில் ஆடின.

“இந்தக் கல் எதற்கு?” என்று கேட்டாள்.

“இல்லாட்டில் தன்ர பாட்டுக்குச் சுருண்டு போகும். ஆராவது கீழ பிடிச்சு இழுக்க வேணும்” என்றார் இராஜசிங்கம்.

“எங்கட கன்ரோன் அரசாங்கமும் அப்பிடித்தான்” என்றாள் வ்ரேனி. அடுத்த நாள் படத்துக்கு மேலே அதுதான் தலைப்பு. அந்தப் படமே பிறகு எங்கள் சுவரொட்டி. கடைசித் தவணைக்கு நான்கு நாள் முன்பாக மஞ்சள் வண்டில் கன்ரோன் தலைமையகத்து வாசலில் போய் நின்றபோது, செல்லுபடியான கையெழுத்து மூவாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. என்னுடைய நாற்பத்து மூன்றும் அதற்குள் அடக்கம்.

எல்லோரும் எங்கள் பக்கமென்று நினைக்க வேண்டாம். பனி குறைகிறது, வருகிறவர்களுக்குக் கார் விட இடமில்லை, வேலை போய்விடும் என்று மறுபக்கத்தார் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இராஜசிங்கத்தின் ஹோட்டலிலேயே, சமையலறைக் கதவில் ‘வேண்டாம்’ சுவரொட்டி. அவருடைய தலைமைச் சமையற்காரர் ஒவ்வொரு நாளும் சீண்டுவாராம்.

“ராஜா, எனக்கு முந்நூறு கார் வேணும். உனக்கு நாலு வெள்ளரிக்காய் வேணும்.”

“வெள்ளரிக்காய் இல்லை ஷெஃப், புடலங்காய். சூப்பில உப்புக் காணாது.”

மூன்றாம் கோடை முடிவில், செப்டெம்பர் கடைசி ஞாயிறு வாக்கு. சாம்பல் உறை வந்த நாளில் இராஜசிங்கம் கத்தியால் மெதுவாக ஓரம் வெட்டித் திறந்தார், கல்யாணக் கார்ட் திறப்பதுபோல. மேசையைச் சுற்றி நாங்கள் நின்றோம். வாக்குச் சீட்டில் “ஆம்” என்று எழுதினார். அதைச் சின்ன உறையில் இட்டு ஒட்டினார்.

“அப்பா, இந்த வாக்காளர் அட்டையில கையெழுத்து வையுங்கோ. இதையும் சேர்த்துப் பெரிய உறைக்குள்ள வைக்க வேணும். இல்லாட்டில் செல்லாது” என்றாள் மிதுஷா.

“ஆயிரம் வீட்டு வாசலில நிண்டு விளங்கப்படுத்தின எனக்கே நீ பாடம் எடுக்கிறியோ?” என்று கையெழுத்து வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சாமியறைக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையாரின் படத்துக்கு முன்னால் வைத்தார். அடுத்த நாள் காலையில் குளித்து, சந்தனம் பூசி, உறையை ஒட்டிக்கொண்டு கெமைண்டே வாசலுக்கு நடந்தார். தபாலில் போட மனமில்லை. வாசலில் இருக்கும் பெட்டிக்குள் தன் கையாலேயே போட்டார். போட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். எதிரே பேக்கரியில் நான் தற்செயலாக நின்றேன். தற்செயலாகத்தான், காலை ஏழு மணியிலிருந்து.

ஞாயிறு மத்தியானம் எல்லோரும் அவர் வீட்டில். மிதுஷா ரெலிபோனில் ஊர் ஊராக வாசித்தாள். முதலில் எங்கள் ஊர்: நூற்றுக்கு அறுபத்தொன்று வேண்டாம். வ்ரேனி கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். ஜெர்மனில் இருந்ததால் பிள்ளையார் பொறுத்துக்கொண்டார். ஏரிக்கரை ஊர்கள் இரண்டும் வேண்டாம். இராஜசிங்கம் எழுந்து பின்பக்கம் போய், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தொடுவதுபோல ஒரு கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

அப்போது மேல் பள்ளத்தாக்கு வந்தது. நான்கு சகோதரர்களின் ஊரில் எண்பத்து மூன்று வீதம் ஆம். அதற்கு மேலே உள்ள ஊர், ஆம். அதற்கும் மேலே, வாக்காளரை விடப் பசு கூடிய ஊர், அதுவும் ஆம். மஞ்சள் வண்டில் போன ஊர் ஒவ்வொன்றும் ஆம், ஆம் என்றது. மூன்றரை மணிக்கு மிதுஷா கதிரையில் ஏறி நின்றாள். “அப்பா! வெண்டிட்டம்! வீடு எங்கட!”

வ்ரேனி கவுனின் மேல் சமையல் துணியைக் கட்டிக்கொண்டு ஆடினாள். யோகாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார், பிறகு அடுப்பை மூட்டினார். பால்பண்ணைக்காரர் ரெலிபோன் எடுத்து, எதுவும் சொல்லாமல் ஒரு பெரிய பசுமணியை அடித்துக் காட்டினார். மறுநாள் வேலைக்குப் போன இராஜசிங்கத்தின் கையில் தலைமைச் சமையற்காரர் உப்புக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, “இண்டைக்கு நீயே போடு” என்றாராம். கம்பனி திட்டத்தைக் கைவிட்டது. கம்பம் கழற்ற வந்த வேலையாட்களிடம் இராஜசிங்கம், கடைசிக் காய் முற்றும்வரை பொறுக்கச் சொன்னார். விதைக்கு வேண்டுமாம். பொறுத்தார்கள்.

எத்தனை வாக்கால் வென்றோம் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு வாக்கு. கன்ரோன் முழுவதையும் கூட்டிக் கழித்த பிறகு மிஞ்சிய ஒரு வாக்கு. இருபத்தொரு வயதில் வீட்டைப் பறிகொடுத்தவன், சந்தனம் பூசி, தன் கையால் பெட்டிக்குள் போட்ட அந்த வாக்கு.

இதை நான் எழுதிக்கொண்டிருப்பது யோகாம்பாளின் சமையலறை மேசையில். அவர் புடலங்காய்க் கறியைத் துழாவியபடி என் தோளுக்கு மேலால் வாசித்தார்.

“ரீச்சர், ஒரு வாக்கில்லை. ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.”

“வாசிக்கிறவைக்கு இலகுவா இருக்கட்டும் எண்டு சுருக்கினனான்.”

“அதை விடுங்கோ. ஆனா இவர்ர வாக்கு அதுக்குள்ள இல்லை.”

பேனையை வைத்தேன். யோகாம்பாள் சாமியறைக்குப் போய், பிள்ளையார் படத்துக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வாக்காளர் அட்டை. கீழே இராஜசிங்கத்தின் கையெழுத்து. மேலே காய்ந்த சந்தனப் பொட்டு.

“கையெழுத்தும் வைச்சு, பொட்டும் வைச்சு, படத்துக்கு முன்னால சாத்திப்போட்டு, சின்ன உறையை மட்டும் பெரிய உறைக்குள்ள வைச்சு ஒட்டிக்கொண்டு போயிருக்கிறார். இது வழுகிப் பின்னால விழுந்து கிடந்தது. அட்டை இல்லாமல் வாக்குச் செல்லாதுதானே?”

“தம்பிக்குத் தெரியுமோ?”

“போன கிழமை தூசு தட்டேக்க கண்டு காட்டினனான். ‘அப்ப முழுக்க முழுக்க மற்றச் சனம்தானே எங்கட வீட்டைக் காப்பாத்தி இருக்குது’ எண்டு சொல்லிப்போட்டு, அவையளுக்குக் குடுக்கக் காய் பிடுங்கப் போயிட்டார்.” அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டினார். “இன்னொண்டு ரீச்சர். காய் ஆறடி இல்லை. மூண்டரை.”